முகம் தெரியாத கை

கீழ்வேளூர் வயலோரம், படப்பிடிப்புக்காகப் போட்ட குடிசைக் கூரையில் மண்ணெண்ணெய் தெளிக்கிறார்கள். கூலித் தகராறில் வைத்த தீயில் அக்காளைக் குடிசையோடு பறிகொடுத்த காளியம்மாள் அந்த வாடைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். அலறுவதற்கென்று அவளைக் கூட்டிவந்திருக்கிறார்கள். மர்மப் படங்களுக்குப் பேர்போன டைரக்டர் சுண்டல் மென்றபடி தன் வழக்கத்தைச் சொல்கிறார்: "என் படத்துல கை மட்டும்தாம்மா தெரியும், மூஞ்சியைக் காட்டமாட்டேன். பத்தவச்சது யாருன்னு தெரியாம ஜனங்க தவிக்கணும்." "எங்க தெருவுல யாருன்னு எல்லாருக்கும் தெரியுங்க. கோர்ட்டுலதான் தெரியலேன்னுட்டாங்க," என்கிறாள் காளியம்மாள். மெல்லும் வாய் நின்று, மலர்கிறது. "பிரமாதம்! இதையே வசனமா வச்சுக்கலாம்!" அவர் காலடியில் காறித் துப்பிவிட்டு அவள் வரப்பில் ஏறுகிறாள். "ஏம்மா, கத்தவேண்டாமா?" என்று பின்னாலேயே குரல் வருகிறது. அவள் திரும்பாமலே சொல்கிறாள்: "எங்கக்கா கத்துனது போதும்."