பதிவாகாத பேச்சு

அக்காவும் அதே வழக்கில் சாட்சி என்பதால் அவளை வெளியே அனுப்பி நீதிமன்றக் கதவைச் சாத்திவிட்டார்கள். சாட்சிக் கூண்டில் ஜோதிலெட்சுமி தனியாக நின்றாள். அவளைப் பலாத்காரம் செய்தவனின் வக்கீல் தாமோதரன் எழுந்தார்.

“அன்னைக்கு வேணாம்னு சொன்னீங்களா?”

“பயத்துல பேச்சே வரலைங்க.”

“வாயே திறக்கல. அப்ப உங்களுக்குச் சம்மதம்தானே?”

இப்போதும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. பெண் நீதிபதி காத்திருந்தார். தட்டச்சரின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. வக்கீலுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏம்மா, இப்படிப் பேசாம நின்னா நாங்க என்னன்னு எடுத்துக்கறது? சும்மா நிக்கறத ஆமான்னு எழுதிக்க முடியுமா? வாயால சொல்லணும்.”

தான் சொன்னது அவருக்கே உறைக்கவில்லை, கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். நீதிபதியும் நிமிரவில்லை. தட்டச்சரும் சும்மா இருந்தார். அங்கே சாட்சி சொல்வது மட்டும்தான் பதிவாகும். அந்த அறையில் அதைக் காதில் வாங்கியது தான் ஒருத்தி மட்டுமே என்று அவளுக்குத் தோன்றியது. சாத்திய கதவை ஒருமுறை பார்த்தாள்.

“அம்மா,” என்றாள் நீதிபதியிடம். “நான் சொல்றதத்தான எழுதுவீங்க? சார் இப்பச் சொன்னத நான் திருப்பிச் சொல்றேன். எழுதிக்கோங்க.”