மாமனாருக்குத் தனி டப்பா

"எங்கப்பா கால் விரலை எடுத்தாத்தான் உங்களுக்கு நிம்மதியா?"

கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஐஸ் கடைக்காரர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அப்பாவை டாக்டரிடம் காட்டி, மாடி வீட்டில் விட்டுவிட்டு, நேராகக் கடைக்கு இறங்கி வந்திருந்தாள்.

"சர்க்கரை இறங்கவே இல்லையாம். புண் ஆறலேன்னா விரலையே எடுக்க வேண்டியிருக்கும்னு டாக்டர் சொல்லிட்டார். நீங்க என்னடான்னா தினம் மத்தியானம் அவருக்கு ஐஸ் குடுக்குறீங்க."

"சின்ன கப்புதானே. ஆசையா கேக்குறார்."

"கேட்டா விஷத்தையும் குடுப்பீங்களா? வேலியே பயிரை மேய்ஞ்சா நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். பேச்சில் அவளை ஜெயிக்க முடியாது என்பது கல்யாணமான புதிதிலேயே கற்ற பாடம்.

அப்பா லேசுப்பட்டவர் இல்லை. சாப்பாடு முடிந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மாடிப்படி இறங்கிவிடுவார். கேட்டால், "சும்மா காத்தாடப் போறேன்" என்பார். அது என்ன காத்து என்று யாருக்குத் தெரியாது?

கையும் களவுமாகப் பிடித்துவிடுவதென்று மறுநாள் அவள் பின்கதவு வழியாக வந்து நின்றாள்.

மாம்பழம், செர்ரி, ஆரஞ்சு என்று பழ ஐஸ் வகைவகையாக இருந்தது. கணவர் எதையும் தொடவில்லை. ஃப்ரீசரின் அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, இரும்புக் கரண்டியால் சுரண்ட ஆரம்பித்தார். சுரண்டினார், மணிக்கட்டை உதறிக்கொண்டார், மறுபடியும் சுரண்டினார். எந்த வாடிக்கையாளருக்கும் இந்த மனுஷன் இப்படி மெனக்கெட்டு அவள் பார்த்ததில்லை.

ஓஹோ, மாமனாருக்குத் தனி டப்பாவா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா ஒரு வாய் சாப்பிட்டுக் கண்ணை மூடினார். "அமிர்தம் மாப்பிள்ளை."

அவள் விறுவிறுவென்று போய்க் கப்பைப் பிடுங்கினாள். "அப்படி என்ன அமிர்தம்னு நானும் பாக்குறேன்" என்று ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டாள்.

முகம் அஷ்டகோணலானது. வெறும் எலுமிச்சம்பழத் தண்ணீர். இனிப்பு மருந்துக்குக்கூட இல்லை.

கணவர் அவளை உள்ளே கூட்டிப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "சர்க்கரை போட்டாத்தான் ஐஸ் மெதுவா இருக்கும். போடலேன்னா கருங்கல்லா உறைஞ்சிடும். அதான் இந்தச் சுரண்டல். அவர்கிட்ட சொல்லிடாதே, மனசு விட்டுடுவார்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"உன் வாயில எது தங்கும்? அவரைப் பாத்ததும் உளறிடுவே."

நேற்று பேசிய பேச்சை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. இப்படி ஒரு மனுஷனைப் போய் விஷம் அது இதென்று பேசிவிட்டோமே.

"மன்னிச்சிடுங்க" என்றாள்.

"அதை விடு. அப்புறம் ஏன் சர்க்கரை இறங்கலேன்னுதான் எனக்குப் புரியலை."

அவள் அவசரமாகக் கப்பை அப்பாவிடம் கொடுக்கத் திரும்பினாள்.

அந்தச் சின்னக் கடையில் எதைத்தான் ரகசியமாகப் பேச முடியும்? வெளியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"இதுல சர்க்கரை இல்லேன்னு எனக்கு மொத நாளே தெரியும் மாப்பிள்ளை. எனக்காக நீங்க கை வலிக்கச் சுரண்டுறீங்களேன்னுதான் அமிர்தம்னு சொல்லிச் சாப்பிடுறேன். இனிப்புக்கு எனக்கென்ன குறைச்சல்? நான் மூஞ்சியைத் தொங்கப்போட்டா எம்பொண்ணுக்குப் பொறுக்காது. காலையும் சாயங்காலமும் காபியில ரெண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் குடுத்துடுறாளே!"