ஆறு இடத்தில் ஒரே வார்த்தை

"நாளைக்குக் காலைல தென்காசி ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுருதியாக்கா?"

பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த தம்பி மாரிச்செல்வம் கேட்டபோது, ஜெயசித்ரா மடியில் பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். சுற்றிக்கொண்டிருந்த பீடி விரலில் பாதியில் நின்றது.

"எதுக்குல?"

"அங்கன வந்து பாத்துக்கோ. இப்பமே சொன்னா நீ வரமாட்ட."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சேக்காளிகளோடு ஐந்தருவிக்குக் குளிக்கப் போய்விட்டான். சாரல் நேரம். கூட்டத்தில் குளித்துத் திரும்ப மதியமாகும்.

அவன் பையில் பத்திரம் இருந்தது. வக்கீல் முழுக்க இங்கிலீஷில் அடித்திருந்தார். ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத்துக் கூட்ட வந்தது, அர்த்தம் வரவில்லை. அவள் பெயரும் தம்பி பெயரும் இருந்தன. ஊர் வடகரை என்று இருந்தது. அப்பா இரண்டு பேருக்குமாக விட்டுப்போன தென்னந்தோப்பின் சர்வே எண் இருந்தது. அப்புறம் ஒரு நீளமான வார்த்தை ஆறு இடத்தில் வந்தது. அதை மட்டும் ஒரு தாளில் பார்த்து எழுதிக்கொண்டு, பத்திரத்தை இருந்தபடியே பைக்குள் வைத்தாள்.

பக்கத்து வீட்டு நஸீபா கல்லூரியில் இங்கிலீஷ் படிக்கிறவள். தாளை வாங்கிப் பார்த்தாள்.

"ரிலிங்க்விஷ். விட்டுக்குடுக்கது, அக்கா."

"பஸ்ஸுல சீட்டு விட்டுக்குடுப்பமே, அதா?"

நஸீபா சிரித்துவிட்டாள். "சீட்டுக்கெல்லாம் இம்புட்டுப் பெரிய வார்த்தையா? இது கோர்ட்டு, ஆபீஸ்ல எழுதுத வார்த்தை. நமக்கு ஒரு உரிமை இருக்குல்லா, அத இனிமே வேண்டாம்னு நாமளே விட்டுருதது. ராசா பட்டத்த விட்டாரு, அவ சொத்துல பங்க விட்டா, அப்படித்தான் எழுதணும். பீடி குடிக்கத விட்டேன்னு இதுல சொல்ல முடியாது."

"ஒருத்தன் பிடுங்கிட்டா?"

"பிடுங்குனா இந்த வார்த்தையே வராதுக்கா. மனசாரக் குடுக்கணும்."

"மனசு இல்லைன்னா?"

"கையெழுத்துப் போடக்கூடாது. எதுக்குக் கேக்க?"

"சும்மாதான்ட்டி. டிவில சொன்னான்." எழுந்து போனவள் வாசலில் நின்றாள். "நா மாட்டேன்னு இதுல எப்படிச் சொல்லணும்?"

"ஐ வில் நாட் ரிலிங்க்விஷ்."

அன்றைக்குச் சுற்றிய ஒவ்வொரு பீடிக்கும் ஒரு தடவை அதைச் சொல்லிப் பார்த்தாள். நூல் கட்டும்போது 'நாட்' வந்தது, முனையை மடக்கும்போது 'ரிலிங்க்விஷ்' வந்தது.

அக்கா தங்கச்சியிடம் பங்கை எழுதி வாங்காத அண்ணன் தம்பி அந்த ஊரில் கிடையாது. பெரியம்மா மாரித்தாய் எழுதிக் கொடுத்தாள். சித்தி முப்பிடாதியம்மாள் எழுதிக் கொடுத்தாள். எழுதிக் கொடுத்தால்தான் பிறந்த வீட்டிலிருந்து வருசம் தவறாமல் பொங்கல்படி வரும் என்பது பேச்சு. ஜெயசித்ராவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தோப்பில் அவள் பங்கும் போய்விட்டால் மிச்சம் இருப்பது பீடித் தட்டுதான்.

மறுநாள் ரிஜிஸ்டர் ஆபீசில் முதலில் மாரிச்செல்வத்தைக் கூப்பிட்டார்கள். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான், ரேகை வைத்தான். வாங்குகிறவனுக்கு என்ன அவசரம் என்று அவள் பெஞ்சில் இருந்து பார்த்தாள். அவன் திரும்பி வந்து பேனாவை நீட்டினான். முகத்தில் லேசான சிரிப்பு.

"இங்கன போடுங்கம்மா" என்றார் பத்திரம் எழுதும் விஸ்வநாதன்.

"ஐ வில் நாட் ரிலிங்க்விஷ்."

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா..."

"என்னல அக்கா? ஒம்பதாங் கிளாசுக்காரிக்கு என்ன தெரியப்போவுதுன்னுதானே இங்கிலீஷ்ல அடிச்சிட்டு வந்த? நா பள்ளிக்கூடத்த விட்டது யாருக்குல? செலக்‌ஷனுக்கு நீ ஓடிப் பழகுன பூட்சு, நா சுத்துன பீடிலல்லா வந்துச்சு! சொல்லாமக் கொள்ளாமக் கூட்டிட்டு வந்து எழுதி வாங்கப் பாக்க. நீயெல்லாம் நாட்டக் காப்பாத்தப் போனவனா? இந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியும்ல!"

"பட்டாளத்துக்காரன் பண்ணுத வேலையப் பாத்தியளா அண்ணாச்சி" என்று வரிசையில் யாரோ சொன்னார்கள். யாரோ சிரித்தார்கள்.

மாரிச்செல்வத்தின் சிரிப்பு எப்போதோ போயிருந்தது. காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

விஸ்வநாதன் கண்ணாடியைக் கழற்றினார். "யம்மா, அர்த்தம் சரியாத்தான் சொல்லுதிய. யாரு விட்டுக்குடுக்கான்னு கேட்டியளா?"



அவர் பத்திரத்தை அவள் பக்கம் திருப்பி விரலை வைத்தார். "எழுதிக் குடுக்கது உங்க தம்பி. எழுதி வாங்குதது நீங்க. தோப்பு முழுக்க இனிமே உங்க பேருலதான். முப்பது வருசமா பத்திரம் எழுதுதேன், அக்காளுக்குத் தம்பி எழுதிக் குடுத்து இன்னிக்குத்தான் பாக்கேன்."

அந்த வார்த்தை இருந்த ஆறு இடத்தையும் அவள் தேடிப் பார்த்தாள். ஆறிலும் அதற்கு முன்னால் தம்பியின் பெயர்தான் இருந்தது.

அவள் நிமிர்ந்தபோது மாரிச்செல்வம் பேனாவை மூடி மேசையில் அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தான்.