விசாரிக்க வந்தவர்

வீடில்லாத ஏழைகளுக்கான இலவச மனைப் பட்டியலில் என் பெயரைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள்.

"நாலு ஏக்கர் நஞ்சை, ஒக்கூர்ல ஓட்டு வீடு, ரெண்டு கறவை மாடு. உங்களுக்கு எதுக்கு சார் இலவச மனை?" என்றார் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா.

"எனக்கு இருக்கிறது ஒரு பி.ஏ. பட்டமும் வாடகைக் குடிசையுந்தான். யாரு சொன்னா?"

"விசாரிக்க வந்தவர்கிட்ட உங்க மாமியாரே சொல்லியிருக்காக."

என் மனைவி லூசியா இறந்து எட்டு மாதம். அவள் அம்மாதான் என்னோடு இருந்து குழந்தையை வளர்க்கிறார். என் சோற்றைத் தின்றுகொண்டே என் காலை வாரிவிட்டார்.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன். "நோட்டோட ஒருத்தர் வந்தாரா, அத்தை?"

"ஆமா மாப்பிள்ளை, போன வாரம்." அவர் முகம் மலர்ந்தது.

"எதுக்கு இல்லாத நிலத்தையும் வீட்டையும் சொன்னீக?"

"பின்னே, ஒண்ணுமில்லாதவருக்கு ரெண்டாந்தாரமா யாரு பொண்ணு குடுப்பாக? வேலை, நிலம், வீடுன்னு துருவித் துருவிக் கேட்டாரு. காப்பி போட்டுக் குடுத்தேன். இந்தப் புள்ளைக்கு ஒரு தாய் வேணாமா?"



அவர் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பொண்ணுக்கு எந்த ஊராம், மாப்பிள்ளை?"