மூன்றுக்குப் பிறகு

"இதை முதல்ல தூக்கிப் போடணும், அண்ணி" என்று சொல்லிக்கொண்டே கொழுந்தன் என் கணினி முன்னால் உட்கார்ந்தான்.

காலை ரயிலில் வந்தவன், பையைக்கூட அவிழ்க்கவில்லை. அவனுக்கு வானொலியில் ஒலிப்பதிவு வேலை. என் பழைய மென்பொருளைப் பார்த்ததும் பல்வலி வந்தவன்போல் முகத்தை வைத்துக்கொண்டான்.

நான் மழலையர் பள்ளியில் பாட்டு டீச்சர். வாரம் ஒரு பாட்டை வீட்டிலேயே பாடி, பதிந்து, பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டும்.

"கைக்குப் பழகிப் போச்சு, தம்பி. புதுசெல்லாம் என் மண்டையில ஏறாது."

"ஏறும். நான் ஏத்திவிடறேன்."

அவனுக்குக் காப்பி போடலாம் என்று பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஓடிவந்தேன். அவனைத் தனியாக விட எனக்குப் பயம்.

பழையதை நானும் அவன் அண்ணனும் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தோம்.

முதலில் பார்த்ததில் திரை முழுக்கத் திருகு குமிழ்கள். "இதுல பாடறதுக்கு பேசாம விமானம் ஓட்டக் கத்துக்கலாம்" என்றார் அவர்.

அடுத்தது அழகாக இருந்தது. ஆனால் அதைத் திறந்தாலே எங்கள் கணினி மாடிப்படி ஏறியவர்போல் இரைத்தது.

மூன்றாவது, சாம்பல் நிறத்தில் அழுது வடிந்தது. நடுவில் பெரிதாக ஒரு சிவப்புப் பொத்தான். அவர் அதை அழுத்திய நேரம் பார்த்து நான் தும்மினேன். திரும்பப் போட்டுக் கேட்டால், தும்மல் கணீரென்று இருந்தது.

"இதான். தும்மலையே விட்டுவைக்கல" என்று முடிவு செய்துவிட்டார்.

கற்றுக்கொள்வதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. தாளம் பிசகாமல் இருக்க அது டிக் டிக் என்று அடித்துக் காட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்குப் பரீட்சை ஹாலின் கடிகாரம்தான் ஞாபகம் வரும், பாட்டு வராது.

"தள்ளு, நானே எண்ணித் தரேன்" என்று அவர் மைக்கை இழுத்துக்கொண்டார்.

ஒன்னு, ரெண்டு, மூணு என்று எண்ணியவர், நாலு சொல்ல வேண்டிய இடத்தில் "ஐயோ, பாலு!" என்று கத்தினார். நாற்காலி உருள, சமையலறைக்கு ஓடினார்.

பாலை வைத்துவிட்டு மறப்பது அவர் வழக்கம். திட்டுவது என் வழக்கம்.

அடுப்பைத் துடைத்துவிட்டு வந்த கையோடு, பதிவானதை அப்படியே சேமித்தார். எங்கே சேமித்தாரோ, அன்றிலிருந்து எந்தப் புதிய கோப்பைத் திறந்தாலும் அது தானாக ஓட ஆரம்பித்தது. ஒன்னு, ரெண்டு, மூணு, ஐயோ பாலு, நாற்காலி, ஓட்டம்.

எடுக்கும் வழியைத் தேடித் தேடிப் பார்த்தோம்.

"இருந்துட்டுப் போகட்டும். அது என்ன சோறா கேக்குது?" என்றார்.

ஒரு வாரம் அந்தத் துண்டை வெட்ட மறந்து பாட்டை அனுப்பிவிட்டேன். மறுநாள் வகுப்பில் அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் "ஐயோ, பாலு!" என்று கத்தி, சுவர்வரை ஓடித் தொட்டுவிட்டு வந்துதான் பாடத் தொடங்கினார்கள்.

"பாட்டைவிட ஓட்டம்தான் நல்லா இருக்கு, டீச்சர்" என்றார் தலைமையாசிரியை.

பிறகு நான் வெட்டுவதே இல்லை. எடுக்கும் வழி பின்னால் ஒரு நாள் கண்ணில் பட்டது. பட்டதோடு சரி.

பழையது போனால் அந்த எண்ணிக்கையும் போய்விடும். அதைக் கொழுந்தனிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

"கடைசியா ஒரு தடவை திறக்கறேன். எவ்வளவு மெதுவுன்னு நீங்களே பாருங்க. அப்புறம் அழிச்சுடறேன்" என்று அவன் புதிய கோப்பைத் திறந்தான்.

ஒன்னு.

மவுஸில் இருந்த அவன் கை நின்றது.

ரெண்டு. மூணு.

"ஐயோ, பாலு!"

அவன் பாதி எழுந்துவிட்டான். சமையலறைப் பக்கம் திரும்பவில்லை. வாசலைப் பார்த்தான், அங்கே யாரோ செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பதுபோல.

அப்புறம் மெதுவாக உட்கார்ந்தான்.

"அண்ணன் குரல் இனிமே எங்கயுமே கிடைக்காதுன்னு நினைச்சிருந்தேன், அண்ணி. ஒரு வருஷமா."

"இங்க இருக்கு. பள்ளிக்கூடத்துல அத்தனை பிள்ளைங்க வாயிலயும் இருக்கு" என்றேன்.

அவன் ஒலியைக் கூட்டினான். இன்னொரு புதிய கோப்பைத் திறந்தான். அதற்குப் பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றிலும் நாற்காலி உருண்டது, கால்கள் ஓடின.

அடுத்த முறை, விட்டுப்போன நாலை நான் சொன்னேன். அதற்கடுத்த முறை இருவரும் சேர்ந்து சொன்னோம். சொல்லிவிட்டு, என் வகுப்புப் பிள்ளைகளைப்போல விழுந்து விழுந்து சிரித்தோம். அவன் திறப்பதை நிறுத்தவே இல்லை.

தீய்ந்த வாசனை வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

சமையலறையில் பால் பொங்கி, அடுப்பை அணைத்து, மேடையெல்லாம் வழிந்து, தரைக்கும் இறங்கியிருந்தது. கேஸை மூடிவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். திட்டப் பழகிய வாய் தானாகத் திறந்தது. அப்படியே மூடிக்கொண்டேன்.

இந்த முறை அவரைக் குறை சொல்ல வழியில்லை. அவர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்.