குழாயில் பச்சைப் பெயிண்ட்

முப்பத்தோராயிரத்து நானூறு ரூபாய்.

குழாயில் கை வைத்ததும் அந்தத் தொகைதான் அவனுக்குள் வந்து நின்றது.

குழாய் வழவழவென்று இருந்தது. நேற்றுவரை துருவேறிக் கிடந்த இரும்புக் குழாய். மாடியிலிருந்து சுவரோரமாக இறங்கி மண்ணுக்குள் போகிறது. மதுரையில் இந்தப் பழைய இசைத்தட்டுக் கடைக்கு வேலைக்கு வந்த நாள்முதல், ஒவ்வொரு தட்டையும் எடுக்கும் முன் அதில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் எடுப்பான்.

இன்று அது பச்சையாக இருந்தது.

பெருநாள் வருகிறதென்று கடைக்காரர் இபுறாகீம் பாய் நேற்று கடை முழுக்கப் பெயிண்ட் அடித்திருந்தார். சுவர், அலமாரி, குழாய். ஒன்று விடவில்லை.

பெயிண்டுக்கு மேல் கை வைத்தால் உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்காது. அவனைவிட அதைத் தெரிந்தவர் அந்தத் தெருவில் யாரும் இல்லை.

மேசைக்கு அந்தப் பக்கம், கூட வேலை பார்க்கும் ஜெசிந்தா ஒரு தட்டைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவினாள்.

சடசடவென்றது.

மாசி வெயில். காற்றில் ஈரமே இல்லை. தட்டின் மேல் தூசி குத்திட்டு நின்றது. அவன் முன்கை மயிரும்.

அவள் நைலான் சேலை கட்டியிருந்தாள். தட்டைத் துடைக்கும் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். வாசம் வந்தது.

அந்த வாசம் தீப்பிடிக்க ஒரு பொறி போதும்.

"மூடு தாயி."

"என்ன சித்தப்பா, குழாய்ச்சாமி இன்னும் உத்தரவு குடுக்கலையா?"

"மூடுன்னு சொன்னேன்ல."

குரல் அவனுடையதாக இல்லை. அவள் மூடினாள்.

முப்பத்தோராயிரத்து நானூறு, குருவம்மா வாங்கிய முன்பணம். அவன் பெண்சாதி. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் வேலை. அந்த அறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். அதைத் தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் யாரும் உள்ளே போக வேண்டும்.

அவன் அதே ஆலையில் எடுபிடி.

அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள், கதவு நிலை ஒன்று விடாமல் அடி என்றார் போர்மேன். அடித்தான். தகட்டையும் சேர்த்து அடித்தான். தகட்டுக்கு மேலே ஒரு பலகை இருந்தது. பலகையில் எழுத்து இருந்தது. எழுத்தில் படாமல் சுற்றிலும் பதமாக அடித்தான்.

மறுநாள் காலையில் அவள் எப்போதும்போலத் தகட்டில் கை வைத்தாள். பெயிண்ட் ஒட்டியிருக்கிறதா என்று கையைத் திருப்பிப் பார்த்தாள். தள்ளி நின்ற அவனைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் அடிச்சிருக்க."

உள்ளே போனாள்.

ஆஸ்பத்திரிப் பிணவறை வராந்தாவில் ஆலைக் கணக்குப்பிள்ளை பேரேட்டை விரித்தார். முதலாளி கடனைத் தள்ளிவிட்டார், இனி ஒரு ரூபாய் தர வேண்டாம் என்றார். அவன் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றிக் காகிதத்தில் வைத்தார்.

யார் அடித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவன் எழுத்துக் கற்றது அதற்குப் பிறகு. வேறோர் ஆலை வாசலில் அதே மாதிரிப் பலகையைக் கண்டு நின்று, எழுத்துக் கூட்டி வாசித்தான்.

தகட்டின் மேல் பெயிண்ட் அடிக்கக் கூடாது.

அன்றைக்கு ஊரைவிட்டு வந்தவன்தான்.

மேசையில் பார்சல் பிரிக்கும் கத்தி கிடந்தது. எடுத்தான். குழாயருகே குந்தினான். சுரண்டினான். பச்சை சுருள் சுருளாக விழுந்தது. அடியில் துரு. துருவுக்கு அடியில் இரும்பு. கத்தி வழுக்கி விரலைக் கீறியது. உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு தெரியும்வரை விடவில்லை.

வைத்தான்.

சுருக்கென்றது. முன்கை மயிர் படிந்தது.

"நீயும் வா."

ஜெசிந்தா சிரித்துக்கொண்டே வந்து ஒரு விரலை நீட்டினாள். விரல் இரும்பைத் தொடும் முன்பே நடுவில் நீலமாக ஒன்று வெட்டியது.

டிக்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். விரலைப் பார்த்தாள். பிறகு மேசையிலிருந்த ஸ்பிரிட் பாட்டிலைப் பார்த்தாள்.

சிரிப்பு போயிருந்தது.

அதன்பின் ஒவ்வொரு தட்டுக்கும் அவன் சொல்லாமலே எழுந்து வந்து குழாயைத் தொட்டாள். மத்தியானத்துக்குள் பத்தொன்பது தட்டுகள் துடைத்தார்கள். துடைத்த தூசி திரும்ப ஒட்டவில்லை.

பாய் மாடியேறி வந்தவர் குழாயைக் கண்டு நின்றுவிட்டார்.

"நேத்துத்தானண்ணே அடிச்சேன். முழுசாக் காயக்கூட இல்ல. எலி பிராண்டுன மாதிரி ஆக்கி வச்சிருக்கீங்க. இதுக்கு எவன் காசு குடுக்குறது?"

"நான் தர்றேன் பாய். எம்புட்டு?"

"ஒரு டப்பா நூத்தி இருபது. அட, சும்மா கேட்டேன். விடுங்க, தள்ளிருவோம்."

"தள்ள வேண்டாம்."

பாய் அவன் முகத்தைப் பார்த்தார்.

இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தான். நூற்று இருபதை எண்ணி மேசையில் வைத்தான். கடை நோட்டை இழுத்து, பேனாவை முழு முஷ்டியால் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக எழுதினான். வெகுநேரம் ஆயிற்று. கீறிய விரலின் ரத்தம் தாளில் லேசாகப் பட்டது.

பெயிண்ட் அடித்த வகையில், ரூபாய் நூற்று இருபது. கொடுத்துத் தீர்த்தது.

கீழே கையெழுத்துப் போட்டான்.

பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்.

"சுரண்டுன வகையிலன்னுல்ல எழுதணும்?"

அவன் நோட்டை மூடிக் கொடுத்தான்.