குரலுக்கு உரியவர்

பாட்டு முடிந்ததும் இசை நிறுவன முதலாளியின் மகன் ஹெட்போனைக் கழற்றினான். எதிரே தலை நரைத்த பெண்மணி லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள்.

“இந்த வயசுல இப்படி ஒரு ஹிப்-ஹாப் பீட்டா, மேடம்? வீட்ல பசங்க போட்டுக் குடுத்தாங்களோ?”

“பசங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுக்கறேன்.”

“சரி, சரி. பழைய கேசட்லேருந்து ரெண்டு குரலை வெட்டிச் சேர்த்திருக்கீங்க. அதுல ‘போதும்மா, நிறுத்து’ன்னு ஒரு ஆள் அதட்டுறாரே, அது அமர்க்களம். ஆனா அந்தப் பொண்ணு பாடறது காதைக் குடையுது. அதைத் தூக்கிடுங்க, இன்னைக்கே ஒப்பந்தம் போட்டுடலாம்.”

மூன்று வருடமாக நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்கியவளுக்கு ஒப்பந்தம் என்ற சொல் காதில் விழுவதே இதுதான் முதல் தடவை.

“தூக்க முடியாது” என்றாள்.

“பிடிவாதம் பிடிக்காதீங்க, மேடம்.”

“பொண்ணு பாடலேன்னா அந்த ஆள் எதை நிறுத்தச் சொல்றாரு, தம்பி? ரெண்டும் இருந்தாதான் பாட்டு. வேண்டாம்னா வேற இடம் பாத்துக்கறேன்.”

அவள் லேப்டாப்பை மூடவும் அவன் இறங்கி வந்தான்.

“சரி, இருக்கட்டும். ஆனா ரெண்டு குரலுக்கும் உரியவங்க இந்த அனுமதிக் கடிதத்துல கையெழுத்துப் போடணும். அந்த ஆள் உயிரோட இருக்காரா?”

“பக்கத்து ரூம்ல இருக்காரே, உங்க அப்பா. முப்பது வருஷம் முன்னாடி இங்க நடந்த குரல் தேர்வுல பதிவானது. கேசட்டைக் கையில குடுத்து வெளியே அனுப்பிட்டாரு.”

அவன் பக்கத்து அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

“நீங்க போய் அவர்கிட்ட வாங்கிட்டு வாங்க” என்றபடி அவள் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். “பொண்ணோட கையெழுத்தை நான் இப்பவே போட்டுடறேன்.”